ஒரே உலை, வேறு வேறு உடம்பு: தனிநபர் ஊட்டச்சத்து எம்.எஸ்சி. யாருக்கு, எதற்கு?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மனையியல் என்று ஏதோ ஒன்றில் பி.எஸ்சி. முடித்தவர்களின் கைப்பேசியில் இப்போது ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. 'பெர்சனலைஸ்டு நியூட்ரிஷன்' முதுகலைப் படிப்பு, வீட்டிலிருந்தே படிக்கலாம், வெளிநாட்டுப் பட்டம். இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பெற்றோருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? படிப்பு செல்லுமா, செல்லாதா? இப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா? படித்துவிட்டுத் தஞ்சாவூரில் என்ன வேலை பார்ப்பது?

துறை உண்மையானது. ஆனால் அதன் பலம் விளம்பரம் காட்டும் இடத்தில் இல்லை என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அது ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

அட்டவணையில் இருப்பது யாருடைய அளவு?

'ஒரு நாளைக்கு இவ்வளவு புரதம், இவ்வளவு இரும்புச்சத்து' என்று நாம் படிக்கும் கணக்குகள் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து வருகின்றன. 2020-ல் வந்த அதன் அட்டவணையில் ஒவ்வொரு சத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு.

முதலாவது சராசரித் தேவை. ஆரோக்கியமாக இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த அளவு போதும். மீதிப் பாதிக்குப் போதாது. இரண்டாவது பரிந்துரை அளவு. இது 97, 98 சதவீதம் பேரின் தேவையை நிறைவு செய்யும்படி உயர்த்தி வைத்த எண். வயதுவந்த பெண்ணுக்கு இரும்புச்சத்தின் சராசரித் தேவை 15 மில்லிகிராம், பரிந்துரை அளவு 29 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளி. மாதவிடாயில் இழக்கும் ரத்தமும், குடல் இரும்பை உறிஞ்சும் திறனும் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுவதால்தான் இந்த இடைவெளி.

ஆக, அட்டவணை ஒரு கூட்டத்துக்கானது. அந்தக் கூட்டத்துக்குள் குறிப்பிட்ட ஒருவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்து, அவருக்கேற்ற உணவைச் சொல்வதே தனிநபர் ஊட்டச்சத்து.

இதற்கு மரபணு வரை போகவே வேண்டாம் என்பதற்கு அதே அட்டவணையில் ஒரு சான்று இருக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை பார்த்தால் அவருக்கு 1,660 கிலோகலோரி. நடுத்தர உழைப்புக்கு 2,130. கடும் உழைப்புக்கு 2,720. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 1,060. ஒரே எடை, ஒரே வயது. மாறியது வேலை மட்டும்தான்.

காவிரிப் பாசனப் பகுதிக்கு இந்த ஒரு கணக்கு மிக முக்கியம். குனிந்து நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்த உடம்புகளுக்காக அமைந்தது இங்குள்ள சாப்பாட்டுத் தட்டு. இன்று நடவு மிஷின் வந்துவிட்டது, அறுவடை மிஷின் எப்போதோ வந்துவிட்டது. வரப்பில் நடந்தவர் மொபெட்டில் போகிறார். மகன் மன்னார்குடியில் செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். உலையில் போடும் அரிசி மட்டும் அதே அளவு. டெல்டாவில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'தனிநபர்' என்ற சொல்லில் நான்கு அடுக்குகள்

இந்தப் படிப்புகளின் பாடத்திட்டங்களில் கலந்து கிடப்பதைப் பிரித்து வைத்தால் நான்கு அடுக்குகள் கிடைக்கும்.

1. வாழ்க்கை. வயது, எடை, வேலை, வருமானம், கர்ப்பம், நோன்பு, யார் சமைக்கிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார்.

2. உடல் அளவீடு. இடுப்புச் சுற்றளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, பி12 வைட்டமின்.

3. மரபணு. உமிழ்நீரிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ டி.என்.ஏ. எடுத்துப் பார்ப்பது.

4. குடல் நுண்ணுயிர்களும் நேரடிக் கண்காணிப்பும். மலத்தில் உள்ள பாக்டீரியாக்களை இனம் பிரிப்பது. கையில் ஒட்டிய சென்சார் வழியே நாள் முழுக்கச் சர்க்கரையைப் பார்ப்பது.

முதல் அடுக்கிலிருந்து நான்காவதுக்குப் போகப் போகச் செலவு ஏறுகிறது, அறிவியலின் உறுதி இறங்குகிறது. விளம்பரங்கள் மூன்றையும் நான்கையும் காட்டுகின்றன. நோயாளிக்குப் பலன் பெரும்பாலும் ஒன்றிலும் இரண்டிலும் கிடைக்கிறது.

இரண்டாவது அடுக்கின் வலிமைக்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்திய உடம்புக்கு இந்தப் போக்கு அதிகம் என்பதால்தான் நம் மருத்துவர்கள் பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. இதை அளக்கத் தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும்.

ரத்தசோகையும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் இரும்பு மாத்திரை என்பது பொதுத் திட்டம், அது தேவைதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணை அப்புறம் என்ன செய்வது? சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தேயிலையில் உள்ள டானின் இரும்பை உறிஞ்ச விடாது. பி12 குறைவா என்று பார்க்க வேண்டும். தலசீமியா மைனர் என்ற பரம்பரைக் கூறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இருந்தால், உடலில் இரும்பு போதுமான அளவு இருந்தும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. ஒரே நோய்ப்பெயர், மூன்று வேறு காரணங்கள், மூன்று வேறு பதில்கள். தனிநபர் ஊட்டச்சத்து என்பதன் மிக நேர்மையான வடிவம் இதுதான்.

மரபணு எதுவரை சொல்லும்?

ஒரே ஒரு மரபணுவால் உணவு முழுக்க மாறும் நிலைகள் உண்டு. 1934-ல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்த ஃபினைல்கீட்டோனூரியா அப்படிப்பட்டது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாமல் குழந்தையின் மூளை பாதிக்கப்படும். பிறந்த உடனே கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை இயல்பாக வளரும். மரபணுவுக்கேற்ற உணவின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

அடுத்தது பால். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பலருக்குக் குறைந்துவிடும். தொடர்ந்து சுரக்க வைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம். தெற்கே வர வரக் குறைகிறது. பால் குடித்தால் வயிறு உப்பும் ஒருவருக்குத் தயிரும் மோரும் ஒத்துப்போவது இதனோடு சேர்ந்த செய்தி. தயிராகும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. காபிக்கும் ஒரு மரபணு உண்டு. சிஒய்பி1ஏ2 என்ற அந்த மரபணுவின் வகையைப் பொறுத்துக் கஃபீன் சிலர் உடலிலிருந்து வேகமாகவும், சிலர் உடலிலிருந்து மெதுவாகவும் வெளியேறும். சாயங்காலம் ஒரு டிகிரி காபி குடித்தவருக்கு இரவு தூக்கம் வருகிறதா என்பதே பல நேரங்களில் போதுமான சோதனை!

சிக்கல் இதற்கு மேல்தான். எடையும் சர்க்கரை நோயும் ஒரு மரபணுவின் வேலை அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்களின் கூட்டு. உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவை எடுத்துக்கொள்வோம். அதன் ஆபத்து வகை இரண்டு பிரதியும் உள்ளவர், ஒன்றும் இல்லாதவரை விடச் சராசரியாக 3 கிலோ அதிகம் இருப்பார். அவ்வளவுதான். உணவுக் கட்டுப்பாட்டில் இறங்கினால் இரு தரப்பும் ஒரே அளவில்தான் இளைக்கின்றன.

நேரடியாகச் சோதித்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை 12 மாதம் பின்தொடர்ந்த டயட்ஃபிட்ஸ் ஆய்வு 2018-ல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இளைத்தார்கள். யாருக்கு எந்த உணவு பொருந்தும் என்று மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் நடந்த ஃபுட்4மீ ஆய்வின் முடிவு இன்னும் கூர்மையானது. பொது அறிவுரை பெற்றவர்களை விட, தங்களுக்கென்று தனியாக அறிவுரை பெற்றவர்கள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் அந்தத் தனி அறிவுரையோடு ரத்தப் பரிசோதனையையும் மரபணுவையும் சேர்த்தபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. 'உன் சாப்பாட்டைப் பார்த்து உனக்காகச் சொல்கிறேன்' என்று ஒருவர் உட்கார்ந்து பேசியதே வேலை செய்தது.

இன்னொரு தடை நமக்கே உரியது. மரபணு ஆபத்துக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை. அவற்றை அப்படியே வேதாரண்யத்து மீனவருக்குப் பொருத்தினால் கணக்கு பிசகும். 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பைத் திரட்டிய 'ஜீனோம் இந்தியா' தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை உணவோடு இணைக்கும் வேலை இனிமேல்தான். முதுகலைப் படிப்பவர்கள் ஆராய்ச்சியில் இறங்க இது நல்ல காலம். அந்த வேலை முடிந்துவிட்டது போல உமிழ்நீர்ச் சோதனை விற்பவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

சர்க்கரை ஏற்றம்: எதிர்பார்ப்பும் தடுமாற்றமும்

2015-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேருக்குச் சென்சார் பொருத்தி, ஒரு வாரத்தில் அவர்கள் சாப்பிட்ட 46,898 வேளை உணவுகளைப் பதிவு செய்தது. ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையைச் சட்டென ஏற்றியது. இன்னொருவருக்கு அசைக்கவே இல்லை. குடல் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கணினியில் கணித்தபோது ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 2020-ல் வந்த பிரிடிக்ட் ஆய்வு, 1,002 பேரிடம், அவர்களில் பலர் இரட்டையர்கள், இதைச் சோதித்தது. அச்சில் வார்த்த இரட்டையர்கள்கூட ஒரே உணவுக்கு வேறு வேறு விதமாக எதிர்வினை காட்டினார்கள். மரபணு ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. தூக்கம், சாப்பிடும் நேரம், முந்தின வேளை எல்லாம் சேர்ந்து வருகின்றன.

இதைப் படித்ததும் உற்சாகம் வருவது இயல்பு. ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு அதே உணவை இரண்டாவது முறை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2025-ல் வந்தது. அதே ஆளிடமே முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் சென்சார் காட்டிய ஏற்றம் கணிசமாக மாறியது. அப்படியானால் ஒரு தடவை இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏறிய கோட்டைப் பார்த்து 'எனக்கு இட்லி ஆகாது' என்று முடிவு கட்ட முடியாது. சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் இன்சுலின் போடுபவருக்கு, இந்தச் சென்சார் பெரிய உதவி. நோயில்லாதவருக்கு அது என்ன செய்யும் என்பது இன்னும் தீராத கேள்வி.

டெல்டாத் தட்டை வாசிக்கத் தெரிய வேண்டும்

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே அரிசியில் தொடங்கியது என்பது பலருக்கு நினைவில் இல்லை. ஐதராபாத் நிறுவனத்தின் வேர் 1918-ல் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் விசாரணையில் இருக்கிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி வரும். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. புழுங்கல் சாப்பிட்டவர்களை அது காத்தது. வீட்டு முற்றத்தில் அண்டா வைத்து நெல் அவித்த பாட்டிகள் வேதியியல் பெயர் தெரியாமலே ஒரு தேசத்தின் நோய்த் தடுப்பைச் செய்தார்கள்.

அந்தப் புழுக்கலை அறிவியலாக்கிய இடமும் இங்கேதான். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்த நிறுவனம், இன்று தஞ்சாவூரில் 'நிஃப்டெம்' என்ற பெயரில் தேசிய முக்கியத்துவம் பெற்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து ரகங்களைக் கொடுத்துவருகிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் எல்லாம் மறுபடி வயலுக்கு வந்தன.

எதற்கு இவ்வளவும் என்றால், 'அரிசி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி ஆலோசனை சொல்ல முடியாது. அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து எவ்வளவு, பச்சையா புழுங்கலா, எத்தனை தீட்டு, வடித்ததா குக்கரா, சூடாகச் சாப்பிட்டதா, தண்ணீர் ஊற்றி மறுநாள் பழையதாகச் சாப்பிட்டதா என்பதைப் பொறுத்துச் சர்க்கரை ஏறும் வேகம் மாறும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதே சமயம் அளவும் ஒரு விஷயம். 21 நாடுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுவோருக்குச் சர்க்கரை நோய் ஆபத்து கூடுவதையும், அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருப்பதையும் அது காட்டியது. பாரம்பரிய ரகம் என்பதற்காக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட அனுமதி கிடைத்துவிடாது.

அப்புறம் பணம். ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கும் வீட்டில் 'தினமும் சாமை, வரகு சாப்பிடுங்கள்' என்பது அறிவுரை ஆகாது, செலவுச் சீட்டு. அதே வீட்டில் சம்பா அறுவடைக்கு முன் வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் விளைந்து வந்திருக்கும். முருங்கையும் கீரையும் கொல்லையில் இருக்கும். நாகப்பட்டினம் பக்கமென்றால் மத்தியும் நெத்திலியும் கிடைக்கும். சோற்றைக் குறைக்கச் சொல்வதோடு அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதையும் அந்த வீட்டுப் பொருளிலிருந்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக, உலை ஒன்றுதான். சர்க்கரை உள்ள அப்பா, கர்ப்பிணி மருமகள், கபடி ஆடும் பையன், பல் இல்லாத பாட்டி எல்லோருக்கும் ஒரே சமையல். ஆளுக்கொரு உணவுத் திட்டம் எழுதிக் கொடுத்தால் அதைச் சமைக்கப்போவது ஒரே பெண். மூன்றாம் நாள் தாள் பரணுக்குப் போய்விடும். இங்கே தனிநபராக்கம் அடுப்பில் நடக்காது, பரிமாறும் இடத்தில்தான் நடக்கும். அப்பாவுக்கு முதலில் கூட்டும் பொரியலும், பிறகு அளந்த சோறு. மருமகளுக்கு ஒரு முட்டை கூடுதல், அவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. பாட்டிக்குக் குழைத்த பருப்புச் சோறு.

படிப்புக்குள் என்ன இருக்கிறது, எது இருக்க வேண்டும்?

இந்தியாவில் ஊட்டச்சத்து எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. தனிநபர் ஊட்டச்சத்தில் நேரடியாகப் பட்டம் தரும் படிப்புகள் வெளிநாட்டில், குறிப்பாகப் பிரிட்டனில் உண்டு; அங்கே முழுநேரம் படித்தால் 180 கிரெடிட், ஓராண்டு. வழக்கமான பாடங்கள்: வளர்சிதை மாற்ற உயிர்வேதியியல், மரபணுவும் உணவும், குடல் நுண்ணுயிரியல், நோய்நிலை ஊட்டச்சத்து, உணவு மதிப்பீடு, புள்ளியியல், பழக்க மாற்றம், ஆய்வேடு.

இவற்றில் இரண்டு சொல்லை விளக்கிவிட வேண்டும். நியூட்ரிஜெனடிக்ஸ் என்பது நம் மரபணு வகையால் உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினை எப்படி மாறுகிறது என்பது. நியூட்ரிஜெனோமிக்ஸ் என்பது அதன் மறுதிசை: சாப்பிடும் உணவு, மரபணுக்கள் செயல்படும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்பது.

மாணவர்கள் அலட்சியம் செய்யும் இரண்டு பாடங்கள்தான் என் பார்வையில் உயிர்நாடி. ஒன்று புள்ளியியல். மேலே சொன்ன ஆய்வுகளில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தறிவது அதில்தான் இருக்கிறது. மற்றொன்று உணவு மதிப்பீடு, அதாவது ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு அளந்து எழுதுவது. 'நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள்' என்பது எளிய கேள்வியாகத் தெரியும். பொங்கல் வாரத்தில் கேட்டால் ஒரு பதில், நடவு முடிந்து கூலி இல்லாத ஐப்பசி மழையில் கேட்டால் வேறு பதில். புரட்டாசியில் கேட்டால் கறி மீன் இருக்காது. ரம்ஜானில் நாகூரில் கேட்டால் வேளைகளே மாறியிருக்கும். 'ஒரு கரண்டி' என்றால் எந்தக் கரண்டி? 528 உணவுகளின் சத்துகளை அளந்து 2017-ல் வெளியான இந்திய உணவு உள்ளடக்க அட்டவணை கையில் இருந்தாலும், கேட்டு எழுதிய அளவு தவறென்றால் கணினி தரும் விடையும் தவறுதான். வெளிநாட்டு ஆன்லைன் படிப்பு, ஓட்ஸையும் சால்மனையும் வைத்து இந்தப் பாடத்தை நடத்தினால் அங்கே கற்றதை மன்னார்குடியில் மறுபடி கற்க வேண்டியிருக்கும்.

பட்டம் ஒன்று, பதவிப்பெயர் வேறு

குழப்பத்தின் மையம் இங்கேதான். வரிசையாகப் பார்ப்போம்.

1. 2021-ல் நாடாளுமன்றம் இணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பட்டியலில் டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் இருக்கிறார்கள். பாடத்தரம், பதிவேடு இரண்டும் இனி இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

2. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்றது யுஜிசி. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிர்த் தொழில்நுட்பம், நோய்நிலை ஊட்டச்சத்தும் உணவுமுறையியலும் ஆகியவை அதில் பெயர் சொல்லப்பட்டவை. கட்டுப்பாடு இந்திய உயர்கல்வி நிறுவனங்களுக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் நாட்டிலிருந்து இணையவழியில் நடத்துவதை இது நிறுத்தாது. ஆனால் அந்தப் பட்டத்தை இங்கே எதற்குப் பயன்படுத்தலாம் என்பது தனிக் கேள்வி. நேரில் படித்தால்தான் தரம் என்று அரசு முடிவெடுத்த துறையில், ஆன்லைன் வெளிநாட்டுப் பட்டம் தானாக ஏற்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச்சான்று தருவதற்கென்று 2025-ல் யுஜிசி தனி விதிமுறையும் வெளியிட்டிருக்கிறது.

3. பதிவுபெற்ற டயட்டீஷியன் என்ற தகுதியை 1963-ல் தொடங்கிய இந்திய டயட்டடிக் சங்கம் தேர்வு வைத்துத் தருகிறது. அதற்கு உரிய பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும்.

4. பிரிட்டனிலும் கதை இப்படித்தான். அங்கே 'டயட்டீஷியன்' சட்டப் பாதுகாப்புள்ள பெயர்; அரசு பதிவேட்டில் இல்லாதவர் பயன்படுத்தினால் குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தனிநபர் ஊட்டச்சத்து எம்.எஸ்சி. முடித்ததால் மட்டும் அங்கேயே ஒருவர் டயட்டீஷியன் ஆகிவிடுவதில்லை.

சரி, அப்படியானால் இந்தப் படிப்பு வீணா? இல்லை. ஏற்கெனவே எம்.பி.பி.எஸ்., செவிலியர், பதிவுபெற்ற டயட்டீஷியன், உயிர்வேதியியல் ஆசிரியர் என்று ஒரு தொழில் தகுதியோடு இருப்பவருக்கு இது நல்ல இரண்டாவது படிப்பு. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கும் உதவும். பி.எஸ்சி. முடித்த கையோடு, மருத்துவமனையில் வேலை வேண்டும் என்று நினைப்பவர் முதலில் வழக்கமான ஊட்டச்சத்து அல்லது நோய்நிலை ஊட்டச்சத்து எம்.எஸ்சி.யை நேரில் படிப்பதே பாதுகாப்பு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம், சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி ஆகியவை இத்துறையில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. வீட்டை விட்டு அனுப்பத் தயங்கித்தான் பல பெற்றோர் ஆன்லைன் பக்கம் திரும்புகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனாலும் மருத்துவமனை வார்டில் நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்பதை எந்தத் திரையும் கற்றுத்தராது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பட்டம் தருவது பல்கலைக்கழகமா, அதன் பெயரைப் பயன்படுத்தும் பயிற்சி நிறுவனமா? சான்றிதழில் யார் பெயர் அச்சாகும்?

2. படிப்பு முடிந்ததும் எந்தப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம்? பதில் எழுத்தில் வேண்டும்.

3. மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே? 'நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம்' என்றால் பயிற்சி இல்லை என்றே பொருள்.

4. ஆய்வேடு உண்டா? டெல்டாவில் மக்களிடம் தரவு எடுத்துச் செய்ய அனுமதிப்பார்களா?

5. படிப்போடு சேர்த்து ஏதாவது மரபணுச் சோதனைப் பெட்டியோ சத்து மாத்திரையோ விற்கச் சொல்கிறார்களா? சொன்னால் அங்கே நடப்பது படிப்பு அல்ல, ஆள் சேர்ப்பு.

6. மரபணு, ரத்தப் பரிசோதனைத் தரவுகளை யார் வைத்திருப்பார்கள்? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பாடத்தில் ஒரு வகுப்பாவது இருக்க வேண்டும். ஒருவரின் மரபணு அவருடையது மட்டுமல்ல, அவர் அண்ணன் தங்கையுடையதும்தான்.

இங்கே இருந்து என்ன செய்யலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. அது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வரும் அதே வாசலில் அந்த வீட்டு உலையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வருவதில்லை. இந்தப் படிப்பு நிரப்ப வேண்டிய இடம் அதுதான். பணியிடங்கள் இன்று குறைவு என்பதை மறைக்கக்கூடாது. கேட்டுப் பெற வேண்டிய இடங்கள் அவை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவருக்கு ஒன்று சொல்லலாம். நடவு வேலைக்குப் போகும் ஐம்பது பெண்கள். வேலையில்லாத ஐப்பசி மழையில் ஒரு முறை, அறுவடை முடிந்த மாசியில் ஒரு முறை, அதே பெண்களிடம் மூன்று நாள் உணவை வீட்டுக்கே போய் எடை போட்டு எழுதுவது. கூடவே எடை, இடுப்புச் சுற்றளவு, ஹீமோகுளோபின். ஒரே பெண்ணுக்குள் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு மாறுகிறது, பெண்ணுக்குப் பெண் எவ்வளவு மாறுகிறது என்று பிரித்துப் பார்த்தால், ஒரு முறை கேட்டு எழுதும் உணவுத் திட்டம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். சமையலறைத் தராசு, டேப், கையடக்க ஹீமோகுளோபின் கருவி போதும். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதாக இருந்தாலும் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும்; ஐப்பசியில் அளக்க வேண்டுமென்றால் அந்த விண்ணப்பம் ஆடிக்குள் போயிருக்க வேண்டும்.